ஓட்டையை அடைக்கும் முன்

நின்றபடி துடுப்புப் போட்டுப் போகிற பேடில் போர்டு அடிபட்டால் அதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன். அடுத்து வருகிற கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: எத்தனை நாள் ஆகும்? அங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது. ரெசின் என்கிற இறுகும் பிசினை ஊற்றி, துணி ஒட்டி, தேய்த்து முடிக்க இரண்டு மூன்று நாள் போதும். அந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்காமல்தான் ஒரு நல்ல போர்டைக் கிட்டத்தட்டக் குப்பைக்கு அனுப்பியிருப்பேன். அது நடந்து வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்துவிடுகிறது, அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை அளவுகூடத் தெரியாத பாறை அது. விளிம்பு அதில் மோதியபோது 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கி நின்று போர்டைச் சாய்த்துப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி மயிரிழை போல நாலைந்து விரிசல். பள்ளத்துக்குள்ளே வெள்ளையாகத் தெர்மாகோல் தெரிந்தது. கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முக்கால் மணி நேரமாவது துடுப்புப் போட வேண்டியிருந்தது. வேறு வழியில்லை, போட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கெட்டி போர்டு என்று நாம் சொல்வதன் வயிற்றுக்குள் இருப்பது சுமார் 98 சதவீதம் காற்றுதான். நீராவியில் பொரித்து ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டவைத்த குட்டிக் குட்டி மணிகள். ஒரு மணியைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் போட்டால் அது பெரிதாக எதையும் உறிஞ்சாது. மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கிற இடுக்குதான் பிரச்சினை. தண்ணீர் அந்த இடுக்குகளில் புகுந்து மெல்ல மெல்ல நகரும். நாம் மேலே நின்று எடையை மாற்றும்போதெல்லாம் போர்டு கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது, ஓட்டை வாயும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. வெளியே கட்டைவிரல் அளவு காயம், உள்ளே முழங்கை நீளத்துக்கு ஈரம்.

இரண்டே நாளில்

வார இறுதியில் மறுபடியும் போக வேண்டும் என்ற அவசரம் எனக்கு. போர்டைத் துடைத்தேன், ஓட்டையில் துணியை அழுத்தி எடுத்தேன், ஹேர் டிரையரை எட்டப் பிடித்துப் பதினைந்து நிமிடம் காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. சரி, போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்குத் தவறு செய்யவில்லை. பழைய சர்ஃப்போர்டு குறிப்புகள் பலவற்றில் பாலியெஸ்டர் ரெசின்தான் சொல்லியிருக்கும். பாலியூரித்தேன் ஃபோமில் செய்த போர்டுகளுக்கு அது சரி. அமெரிக்காவில் சர்ஃப்போர்டு ஃபோமின் பெரும்பகுதியைத் தயாரித்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடப்பட்டது. அதுவரை அந்த ஃபோமும் அந்த ரெசினும்தான் பொது வழக்கம். தெர்மாகோலும் எபாக்சி ரெசினும் வேகமாகப் பரவியது அதன் பிறகுதான். இன்றைக்குக் கெட்டியான பேடில் போர்டுகளில் பெரும்பாலானவை தெர்மாகோல் மேல் எபாக்சி போர்த்தியவை. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். ஓட்டையிலிருந்து உதிர்ந்த துணுக்கு ஒன்றை எடுத்து, போர்டுக்கு எட்டத் தள்ளி வைத்து, இரும்பு மூடியில் நாலு சொட்டு அசிட்டோன் விட்டு அதில் போடுங்கள். தெர்மாகோல் என்றால் கண்ணெதிரே 'ஸ்ஸ்' என்று நுரைத்து, சுருங்கி, பிசின் மாதிரி அடியில் ஒட்டிக்கொள்ளும். அதை ஒரு முறை பார்த்துவிட்டால், பிறகு அசிட்டோனையோ சூப்பர் க்ளூவையோ ஸ்ப்ரே பெயின்ட்டையோ திறந்த ஃபோமின் பக்கம் கொண்டுபோகவே கை வராது.

ஆக எபாக்சி கலந்தேன், பள்ளத்தில் பட்டி வைத்தேன், கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு ஒட்டினேன், தேய்த்து நிறம் பூசினேன். அழகாகவே வந்தது. கண்ணை மூடித் தடவினால் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த மழமழப்பைப் பார்த்து உண்மையிலேயே பெருமைப்பட்டேன். போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன்.

கொப்புளம்

முதலில் கண்டுபிடித்தது அக்கா மகள். என் போர்டும் அவளுடையதும் ஒரே அளவு, ஒரே வகை. கரையிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தவள், "மாமா, உங்களுது ஏன் இவ்வளவு கனமா இருக்கு?" என்றாள். ஒட்டுப் போட்டிருக்கிறேன் இல்லையா, அந்த ரெசினும் துணியும்தான் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், நான் பூசிய அத்தனையும் சேர்த்து 100 கிராம்கூட இருக்காது. கை தெளிவாகச் சொல்லியிருக்கிறது, காது கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, நல்ல வெயில் நாள் ஒன்றில், போர்டைத் தரையில் கிடத்திவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். உள்ளே இருக்கிற காற்று வெளியேறுவதற்காகப் போர்டில் வைத்திருக்கும் காற்றுத் திருகை இறுக்கி மூடியபடியே விட்டிருந்தேன். அதுவும் என் தவறுதான். திரும்பி வந்து பார்த்தால், ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து நடுப்பக்கமாக ஒரு கொப்புளம். உள்ளங்கையைக் குழித்துக் கவிழ்த்த மாதிரி தோல் எழும்பி நின்றது. அழுத்தினால் உள்ளே போய் மறுபடியும் எழும்பியது.

இதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடிய போர்டுக்குள் இருக்கிற காற்று 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடும். கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள ஒரு சதுரத்தில் அது கிட்டத்தட்ட 12 கிலோ எடையை உள்ளிருந்து வைத்துத் தள்ளுகிற மாதிரி. இது காய்ந்த போர்டுக்கான கணக்கு. உள்ளே தண்ணீரும் தேங்கியிருந்தால், அந்த 60 டிகிரியில் நீராவி தன் பங்குக்கு இதைவிடவும் அதிகமாகத் தள்ளும். ஈர ஃபோம்மேல் பூசிய எபாக்சி ஏற்கெனவே அரைகுறையாகத்தான் பிடித்திருக்கும். அப்புறம் தோல் எழும்பாமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையில் போர்டைக் குறுக்கே இரண்டு மேசைகள்மேல் கவிழ்த்து வைத்தேன். என் அழகான ஒட்டின் ஓரத்தில் கத்தியை வைத்துக் கீறினேன். அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்ததை நானே அறுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. முழுக்க அறுக்கவே தேவைப்படவில்லை. ஒரு முனையைத் தூக்கியதும் மொத்த ஒட்டும் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் ரெசின் பளபளவென்று இருந்தது, ஒரு தெர்மாகோல் மணிகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. ரெசின் ஃபோமைப் பிடிக்கவே இல்லை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும். ஃபோமைத் தொட்டேன். ஊறிப்போன ரொட்டி மாதிரி மணிகள் விரலோடு வந்தன. தேங்கிய குட்டையின் வாடை. போர்டைத் திருப்பி ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக நிறுத்தியபோது முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. கீழே ஒரு டப்பாவை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தச் சொட்டு அன்று ராத்திரி வரை நிற்கவில்லை.

டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாறை செய்தது கட்டைவிரல் அளவு காயம். மீதி எல்லாம் நான் செய்தது. ஓட்டையைத் திறந்தபடியே ஒரு மூலையில் சாய்த்து வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட இந்தப் போர்டு இதைவிட நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் வந்த வழியை நான் கவனமாக, திருத்தமாக, இரண்டடுக்குத் துணி போட்டு அடைத்திருந்தேன். உள்ளே போனது வெளியே வரக்கூடாது என்று பூட்டுப் போட்ட மாதிரி.

எடை

காய்ந்துவிட்டதா என்பதை விரல் சொல்லாது, கண்ணும் சொல்லாது. எடைதான் சொல்லும். வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் போதும். போர்டைத் தூக்கிக்கொண்டு ஏறி ஒரு தடவை, வெறுமனே ஏறி ஒரு தடவை, இரண்டையும் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். வாங்கும்போது 11.8 கிலோ என்று போட்டிருந்த போர்டு, ஒரு நாள் முழுக்கச் சொட்டிய பிறகும் 13.1 காட்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியென்றால் இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே.

கடல் நீர் புகுந்திருந்ததால் முதலில் நல்ல தண்ணீரை ஓட்டைக்குள் விட்டுக் கழுவினேன். காய வைக்க வேண்டியதற்குள் தண்ணீரை ஊற்றுவதா என்று தோன்றும். உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வைத்தாலும் முழுசாகக் காயாது. பிறகு காற்றுத் திருகைக் கழற்றிவிட்டு, ஓட்டை கீழே பார்க்க, நிழலில், மின்விசிறிக் காற்று படுகிற மாதிரி நிறுத்தினேன். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று கை பரபரத்தது. ஆனால் சூடு என்ன செய்யும் என்பதை அந்தக் கொப்புளம் ஏற்கெனவே காட்டியிருந்தது.

ஐந்தாம் நாள் 12.6. பன்னிரண்டாம் நாள் 12.2. இருபதாம் நாள் 12.0. முதலில் மளமளவென்று இறங்கும், அப்புறம் நூறு கிராம் இறங்க மூன்று நான்கு நாள் பிடிக்கும். கடைசி ஈரம் இடுக்குகளின் ஆழத்தில் இருக்கிறது, அது ஆவியாகித்தான் வெளியே வர வேண்டும். பலரும் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். தொட்டால் காய்ந்திருக்கிறது, பார்த்தால் காய்ந்திருக்கிறது, பருவம் வேறு போய்க்கொண்டிருக்கிறது. இருபத்தாறாம் நாள் 11.8 வந்தது. அடுத்த மூன்று நாளும் அதே எண்தான் நின்றது. அப்போதுதான் ரெசின் டப்பாவைத் திறந்தேன்.

இரண்டாம் தடவை செய்த வேலையில் அவசரம் இல்லை, அதனால் கண்ணில் பட்டதும் அதிகம். பஞ்சாகிப்போன ஃபோமைக் கெட்டியான இடம் வரும் வரை வெட்டி எடுத்தேன். அந்தப் பள்ளத்துக்கு அளவாக ஒரு தெர்மாகோல் கட்டையைச் சீவி, எபாக்சியில் மைக்ரோபலூன் என்கிற, உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைகளாலான தூளைக் கெட்டியாகக் குழைத்து அதை வைத்து ஒட்டினேன். முழுப் பள்ளத்தையும் ரெசினாலேயே நிரப்பக் கூடாது. எபாக்சி இறுகும்போது சூடாகும். மொத்தையாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சுற்றியிருக்கிற ஃபோமையே குழிவிழச் செய்துவிடும். கோப்பையில் நிறையக் கலந்து வைத்துவிட்டு நகர்ந்தால் அது புகையக்கூடச் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். ரெசினை இறுகவைக்கிற ஹார்டனரைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்பதும் பாலியெஸ்டர் ரெசின் காலத்து நினைப்பு. எபாக்சியில் அளவு மாறினால் வேகம் கூடாது. சரியாக இறுகாமல் பிசுபிசுவென்று அப்படியே நின்றுவிடும். எடைக்கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்பதையும் டப்பாவில் பார்த்துக்கொள்வது நல்லது, இரண்டும் ஒன்றாக இருக்காது.

ஓட்டையைச் சுற்றி ஐந்து செ.மீ. அகலத்துக்குப் பழைய தோலை 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தேன். துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் வகை, ஒன்று சின்னது, அதன்மேல் ஒன்று பெரியது, மூலைகளை வட்டமாக வெட்டியது. ரெசின் பூசுவதை மாலைக்கு வைத்துக்கொண்டேன். காலையில் பூசினால் போர்டு சூடேற ஏற, ஃபோமில் உள்ள காற்று விரிந்து, இறுகாத ரெசின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும். சாயங்காலம் குளிர்ந்துகொண்டு வருகிற போர்டு ரெசினை உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும். வெள்ளையாகக் கிடந்த துணி ரெசினைக் குடித்துக் கண்ணாடி மாதிரி மறைந்துபோகிறதே, அந்தக் கணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். எங்காவது வெண்மை மிச்சம் இருந்தால் அங்கே ரெசின் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியலாம். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். 120, 220, கடைசியில் தண்ணீரோடு 400. கையுறை, முகக்கவசம் இரண்டையும் தயவுசெய்து விடாதீர்கள். இறுகாத எபாக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அலர்ஜியாக மாறும், ஒரு முறை வந்துவிட்டால் பிறகு பக்கத்தில் போனாலே அரிக்கும். கண்ணாடித் தூளை மூச்சில் இழுப்பது அதைவிட மோசம்.

காற்றடைக்கிற போர்டு

அக்கா மகள் இப்போது காற்றடைக்கிற போர்டுக்கு மாறிவிட்டாள். அதில் இந்த ஈரத் தொல்லை இல்லை. இரண்டு துணித் தோல்களை ஆயிரக்கணக்கான நூல்களால் உள்ளே கோத்து வைத்திருப்பதால்தான் அது பலூன் மாதிரி உருண்டுவிடாமல் பலகையாக நிற்கிறது. இதே வகை நெசவை வைத்து குட்இயர் நிறுவனம் 1956இல் காற்றடைத்துப் பறக்கிற ஒரு விமானத்தையே செய்து பார்த்தது. அந்த நூல்களை நம்பித்தான் நாம் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தம் வரைகூட அடிக்கிறோம்.

போர்டு தொய்ந்துபோகிறது என்று அவள் சொன்னதும் நான் முதலில் சோப்பு நுரையைத் தடவியது வால்வைச் சுற்றித்தான். வால்வு லேசாகத் தளர்ந்திருந்தது, அதற்குரிய சாவியால் இறுக்கியதும் பாதிக் கசிவு நின்றது. மீதிப் பாதி அடிப்பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை. பிவிசி ஒட்டு வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் துடைத்து, பசையை மெல்லிசாகப் பூசினாள். பூசிய கையோடு ஒட்டைத் தூக்கிவிட்டாள்.

"இப்ப ஒட்டாதே, இரு" என்றேன்.

"எவ்வளவு நேரம் மாமா?"

"விரலை வைச்சா பிசுக்குன்னு இருக்கணும், ஆனா பசை கையோட வரக்கூடாது. அது வரைக்கும்."

ஐந்து நிமிடம் போல ஆனது. இன்னொரு பூச்சு, இன்னொரு காத்திருப்பு. பிறகு ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை விரட்டி, மேலே கனம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டோம். அந்த ஒட்டு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளிம்புத் தையலோரம் பிரிந்திருந்தால் கதை வேறு. தொலைவுக்கு எடுத்துப் போகிற போர்டில் அதை நானே ஒட்டிவிட்டு நம்பிப் போக மாட்டேன்.

என் போர்டுக்கு வருகிறேன். கொப்புளம் எழும்பிய இடத்தில் ஃபோமும் தோலும் பிரிந்துதான் கிடந்தன. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் 'டொக்' என்று உறுதியாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போய் 'தொப்' என்று வரும். சத்தம் மாறிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு சின்னத் துளை போட்டு, ஒன்றில் சிரிஞ்சால் எபாக்சியை ஏற்றினேன். மற்றொன்றின் வழியாகக் காற்று வெளியேறி, கடைசியில் ரெசினும் எட்டிப் பார்த்தது. பிளாஸ்டிக் தாள் விரித்து, மணல் பையை வைத்து, ஒரு நாள் விட்டேன். பெரும்பகுதி பிடித்துக்கொண்டது. இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் இன்னும் 'தொப்' என்றுதான் ஒலிக்கிறது. அதையும் துளைக்கலாமா என்று பல நாள் யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் எடையையும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து போர்டைத் துடைத்ததும் நாணயத்தை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே ஒரு சுற்று தட்டிப் பார்ப்பேன். சத்தம் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.